பற்பசையில் வந்த வினை

1992 பார்சிலோனா ஒலிம்பிக், 5,000 மீட்டர் இறுதி ஓட்டம். கடைசி நேர்ப்பாதையில் ஆப்பிரிக்க வீரர்களுக்குப் பின்னால் வழியில்லாமல் மாட்டிக்கொண்டார் ஜெர்மனியின் டீட்டர் பவ்மன். சின்ன இடைவெளி கிடைத்ததும் புகுந்து பாய்ந்தார். 13 நிமிடம் 12.52 விநாடி, தங்கம்! ஊக்கமருந்துக்கு எதிராக ஊரறியப் பேசியவரும் அவரே.

அப்பேர்ப்பட்டவர் சிறுநீரில் 1999-இல் நான்ட்ரலோன் என்ற, தசை வளர்க்கும் மருந்தின் தடயம். பிறகு அவருடைய பற்பசைக் குழாயிலும் அதே வகைப் பொருள் இருக்கக் கண்டார்கள். யாரோ வேண்டுமென்றே கலந்துவிட்டார்கள் என்றார். விசாரணையில் ஆள் அகப்படவில்லை.

ஜெர்மன் தடகளச் சங்கம் 2000 ஜூலையில் அவரை விடுவித்தது. உலக சம்மேளனத்தின் நடுவர் குழுவோ, செப்டம்பரில், அவர் சிட்னி ஒலிம்பிக்குக்கே போய்விட்ட நிலையில், இரண்டாண்டுத் தடை விதித்தது. மேல்முறையீடும் தள்ளுபடி.

இதென்ன நியாயம் என்பீர்கள். உடம்பில் மருந்து இருந்தாலே குற்றம். எப்படி வந்தது என்று காட்டுவது வீரன் பாடு. இதுதான் விதி. வியாபாரிக்கு இது புதிதல்ல. மூட்டையில் கலப்படம் என்றால் அதிகாரி முதலில் பிடிப்பது விற்றவனைத்தானே? கலந்தவன் மேலிடத்து ஆள் என்று நாமல்லவா பில்லோடு அலைய வேண்டும்! விதியைத் தளர்த்தினால் அகப்பட்டவன் எல்லாம் பற்பசையைக் காட்டுவான், அதுவும் உண்மை. ஆனால் பவ்மனிடம் காட்ட ஏது பில்?

தடை முடிந்து, 2002-இல் மியூனிக் ஐரோப்பியப் போட்டியில் 10,000 மீட்டர் ஓடினார். வயது 37. வெள்ளி வாங்கினார்.