தறி சொல்லும் கணக்கு

ஆரணிப் பட்டு என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. ஆரணியிலும் அதை அடுத்த பெரணமல்லூர் போன்ற ஊர்களிலும் பட்டு நெசவு வீட்டோடு சேர்ந்த தொழில். தறி ஓடும் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். மிதிக்கட்டையைக் கால் அழுத்துகிறது. பாவு இரண்டாகப் பிரிகிறது. இடையே நாடா ஓடுகிறது. பலகை வந்து ஊடையைத் தட்டிச் சேர்க்கிறது. தலைக்கு மேலே துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. துணியில் ஒரு மயிலின் கழுத்து சிறிது சிறிதாக உருவாகிறது.

இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நூலை ஆராய்வது பொருளறிவியல். பின்னலை ஆராய்வது கணிதம். அட்டையை ஆராய்வது தொழில்நுட்ப வரலாறு. பல்கலைக்கழகங்களில் மூன்று தனித்தனிக் கட்டடங்களில் நடக்கும் ஆராய்ச்சிகள், இங்கே ஒரே குழித்தறியில் கூடியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நூல். பட்டுப் புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே இழை இருக்கிறது. அந்த இழையை நுண்ணோக்கியில் பார்த்தால், உண்மையில் அது இரண்டு இழைகள் என்பது தெரியும். இரண்டும் ஃபைப்ராயின் என்னும் புரதத்தால் ஆனவை. செரிசின் என்னும் பசைப் புரதம் அவற்றை ஒட்டி வைத்திருக்கிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் பட்டை வேகவைப்பது இதைப் போக்கத்தான். பசை நீங்கியதும் ஃபைப்ராயின் இழை தனித்து நிற்கும். அதன் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோண வடிவமானது. முக்கோணப் பட்டகத்தின் பக்கங்களைப் போல அதன் பக்கங்களும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. பட்டின் பளபளப்புக்கு இதுவே காரணம்.

பார்வைக்கு மெல்லிய இந்த இழை அவ்வளவு வலுவாக இருப்பது எப்படி? 1955-இல் அமெரிக்காவிலுள்ள கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் மார்ஷ், கோரி, பாலிங் ஆகிய மூவர் எக்ஸ் கதிர்களின் துணையுடன் இதற்கு விடை கண்டனர். ஃபைப்ராயின் மூலக்கூறில் கிளைசின், அலனின் என்னும் சிறு அமினோ அமிலங்கள் மாறி மாறி வருகின்றன. அவை சிறியவை ஆதலால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிந்து, மடிப்புத் தாள்களை அடுக்கியதுபோல் படிகங்களாக அமைகின்றன. இப்படிகங்கள் இழைக்கு வலுவைத் தருகின்றன. இடையிடையே ஒழுங்கின்றிக் கிடக்கும் பகுதிகள் நெகிழ்வைத் தருகின்றன. இன்று அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதே ஃபைப்ராயினைக் கரைத்து, மெல்லிய படலமாகவும் கடற்பஞ்சு போன்ற பொருளாகவும் ஆக்கி, மருத்துவத்துக்குப் பயன்படுத்த ஆராய்கிறார்கள்.

அடுத்தது பின்னல். பாவு இழையும் ஊடை இழையும் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகச் செல்வது சாதா நெசவு. சாட்டின் என்னும் நெசவில் ஓர் இழை பல இழைகளைத் தாண்டி மிதந்து, பிறகு ஓரிடத்தில் மட்டும் கீழே சென்று பிணைகிறது. மிதப்பு நீளும்போது பளபளப்பு கூடும். ஆனால் வளையலில் சிக்கி இழை பிரியும் ஆபத்தும் கூடும். ஆகவே பிணைப்புப் புள்ளிகளை எங்கெங்கே வைப்பது என்பது சேலையின் ஆயுளைத் தீர்மானிக்கும் கேள்வி.

ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வரிசை, ஐந்து நிரல் உள்ள சதுரம் போடுங்கள். முதல் வரிசையில் 1-ஆம் கட்டத்தில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு கட்டம் தள்ளி வைத்துக்கொண்டே போங்கள். 5-ஐத் தாண்டினால் தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள். 1, 3, 5, 2, 4 என்று வரும். எல்லா நிரலிலும் ஒரு புள்ளி விழுந்துவிட்டது. பக்கத்து வரிசைகளின் புள்ளிகள் ஒட்டி நிற்கவும் இல்லை. இது ஐந்திழைச் சாட்டின்.

இதையே ஆறு கட்டத்தில் செய்து பாருங்கள். இரண்டு இரண்டாகத் தள்ளினால் 1, 3, 5, மறுபடி 1, 3, 5 என்றே வரும். 2, 4, 6-ஆம் நிரல்களில் புள்ளியே இல்லை. அந்தப் பாவு இழைகள் எதனோடும் பிணையாமல் தொங்கும். நெய்தால் துணி நிற்காது. மூன்று மூன்றாகத் தள்ளினால் 1, 4 மட்டுமே. நான்கு நான்காகத் தள்ளினால் 1, 5, 3 மட்டுமே. ஒன்றோ ஐந்தோ தள்ளினால் எல்லா நிரலும் நிரம்பும். ஆனால் புள்ளிகள் சாய்கோடாக ஒட்டிக்கொண்டு வேறு நெசவாகிவிடும். எனவே ஒழுங்கான ஆறிழைச் சாட்டின் என்று ஒன்று கிடையாது.

காரணம் நீங்கள் பள்ளியில் படித்ததுதான். தள்ளும் எண்ணுக்கும் இழைகளின் எண்ணிக்கைக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்கக் கூடாது. ஆறிழையில் இழை தொங்காமல் காக்கும் எண்கள் 1, 5 மட்டுமே. அவையும் சாட்டினுக்கு உதவா. இந்தக் கணக்கைப் பிரெஞ்சுக் கணிதவியலார் எடுவார் லூக்கா 1867-இல் எழுதி வைத்தார். 1980-இல் பிராங்கோ குரூன்பாம், ஜெஃப்ரி ஷெப்பர்ட் என்னும் இரு வடிவியலார் நெசவு வடிவங்களைக் கணிதப் பொருளாக்கி விரிவாக எழுதினர். கட்டத்தாளில் போட்ட வடிவம் ஒரே துணியாக நிற்குமா, அடுக்குகளாகப் பிரிந்துவிடுமா என்று நெய்து பாராமலே சொல்லும் சோதனை முறையைக் கிளாபம் என்பவர் அதே ஆண்டில் தந்தார்.

மூன்றாவது, தலைக்கு மேல் திரும்பும் அட்டை. ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு கொக்கி உண்டு. அட்டையில் துளை இருந்தால் ஊசி அதற்குள் நுழைகிறது; கொக்கி மேலே தூக்கப்படுகிறது; அதனோடு கட்டிய பாவு இழையும் எழுகிறது. துளை இல்லாவிட்டால் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, கொக்கி கீழேயே நின்றுவிடுகிறது. துளை உண்டு அல்லது இல்லை, இரண்டே நிலைகள். 240 கொக்கியுள்ள பெட்டியில் ஓர் அட்டையை எத்தனை விதமாகத் துளையிடலாம்? இரண்டை 240 முறை பெருக்க வேண்டும். அந்த எண்ணில் 73 இலக்கங்கள்!

ஜக்கார்டு வருவதற்கு முன்பு காஞ்சிபுரத் தறிகளில் 'அடை' என்னும் நூல் கட்டு இருந்தது. உதவியாள் ஒருவர் நூல்களை முறைப்படி இழுத்துக் கொடுப்பார். வடிவம் முழுவதும் அந்த நூற்கட்டில் அடங்கியிருந்தது. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு, புஷோன், ஃபால்கோன், வோக்கான்சோன் ஆகிய முன்னோரின் வழியில் சென்று 1804-இல் தம் பொறியை அமைத்தார். 1836-இல் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இந்த அட்டைகளைத் தேர்ந்தெடுத்தார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித்தின் பொறிகள் துளையட்டைகளைக் கொண்டு எண்ணின. 1970-களில் நம் நாட்டுக் கல்லூரிகளிலும் கணிப்பொறிக்குத் துளையட்டைக் கட்டுகளைத்தான் ஊட்டினார்கள். இன்று கணிப்பொறி தறிக்கே திரும்பி வந்து, அட்டையில்லாத மின்னணு ஜக்கார்டாக நிற்கிறது.

கணிதம் தறியிலிருந்து கற்றதா, தறி கணிதத்திலிருந்து கற்றதா? ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் 2016-இல் தொடங்கிய பெனலோப்பி என்னும் ஆய்வுத் திட்டம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பண்டைய நெசவே ஒரு வகைக் கணிதச் சிந்தனை என்பது அதன் அடிப்படைக் கருத்து.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை பள்ளியில் பொதுக் காரணியைத் தனிப் பாடமாகப் படிக்கிறது. வீட்டில் அதே கணக்கு தறியில் ஓடுவதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. பட்டறிவாகக் கைமாறி வந்த கணக்கு, எழுதி வைக்கப்படாவிட்டால் கையோடு போய்விடும். 'அடை' கட்டத் தெரிந்தவர்களை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு பட்டுச் சேலையைக் கையில் எடுத்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கரையைப் பாருங்கள். ஓர் இழை எத்தனை இழைகளைத் தாண்டிப் பிணைகிறது என்று எண்ணுங்கள். பிறகு கட்டத்தாளில் 7, 8, 9, 12 ஆகிய எண்களுக்குச் சாட்டின் அமைத்துப் பாருங்கள், எல்லாம் கிடைக்கும். ஐந்துக்கு மேற்பட்ட எண்களில் இந்த முயற்சி தோற்பது ஆறில் மட்டுமே. ஏன் என்று நிறுவ முயலுங்கள். விடை கிடைத்தால் தறிக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவரும் உங்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லக்கூடும்.