பாலாறு: மணல் இருந்தபோதும் இல்லாதபோதும்

பாலாறு ஆண்டு முழுவதும் நீர் புரளும் ஆறாக என்றைக்கும் இருந்ததில்லை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, 348 கிலோமீட்டர் கடந்து, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள். ஐப்பசி, கார்த்திகையில் சில வாரம் வெள்ளம் போகும். மற்ற மாதங்களில் கரைக்குக் கரை மணல்தான் தெரியும். ஆனாலும் அன்று அந்த மணலைப் பார்த்து ஆறு வற்றிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. நீர் அடியில் இருந்தது. சித்திரை வெயிலிலும் மணலைக் கையால் பறித்தால் ஊற்று சுரந்தது. கரையோர ஊர்கள் ஆற்றுப்படுகையிலிருந்தே சரிவாகக் கால் வெட்டி, அந்தக் கசிவு நீரை வயலுக்குக் கொண்டுபோயின. ஊற்றுக்கால் என்பது அதன் பெயர். அதற்கு மோட்டார் வேண்டாம், அணை வேண்டாம். ஆண்டுதோறும் ஆள் திரட்டித் தூர் எடுத்தால் போதும்.

இன்று காஞ்சிபுரம் நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி அதே ஆற்றின் அடியிலிருந்துதான் வருகிறது. ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் எடுக்கும் நீர் குழாய் வழியே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. குடத்தோடு ஊற்றுக்குப் போய்க் காத்திருந்த வேலை பெண்களுக்கு இல்லை. இது சிறிய லாபமல்ல. ஆனால் நீரைத் தாங்கிய மணல் லாரி லாரியாகப் போய்விட்டது. 2003-இல் மணல் எடுக்கும் பணியை அரசே ஏற்றுக்கொண்ட பின்னும் அள்ளுவது ஓயவில்லை. பல இடங்களில் படுகை தாழ்ந்து களிமண் தெரிகிறது. ஊற்றுக்காலின் வாய் மேலே நிற்கிறது, ஆறு கீழே கிடக்கிறது. சில அடியில் கிடைத்த நீருக்கு இப்போது ஆழ்துளைக் கிணறு போட வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரத்தின் ஊடே ஓடும் வேகவதியின் கதையும் இதற்கு இணையானது. காஞ்சியின் இரண்டு பழைய கோயில்களுடைய தலபுராணங்களில் ஆற்று வெள்ளமே முக்கியப் பாத்திரம். ஏகாம்பரநாதர் கோயிலில், பெருகி வந்த ஆற்றிலிருந்து மணல் லிங்கத்தைக் காக்க அம்மன் அதைத் தழுவிக்கொள்கிறாள். திருவெஃகாவில், பிரமனின் வேள்வியை அழிக்க வேகவதியாகப் பாய்ந்து வந்த சரசுவதிக்குக் குறுக்கே பெருமாளே அணையாகப் படுத்துவிடுகிறார். தெய்வமே எழுந்து தடுக்கவேண்டிய வேகம் அந்த ஆற்றுக்கு இருந்ததாக ஊர் நம்பியது. இன்று அது கழிவுநீரும் குப்பையும் சுமக்கிறது. கரைகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. தறிக்கும் கூலி வேலைக்கும் அருகிலிருந்த வீட்டை விட்டு ஊருக்கு வெளியே போவது எளிதல்ல என்பதால் அந்த இடமாற்றம் இழுத்துக்கொண்டே போனது. ஆற்றுக்கு அதன் கரையைத் திருப்பித் தருவதென்றால், அங்கே வாழ்ந்தவர்களின் பிழைப்புக்கும் வழி சொல்லியாக வேண்டும். பழைய கதையில் அந்தச் சிக்கல் கிடையாது.

ஆற்று நீரை ஊருக்குள் நிறுத்திவைக்கும் கலையைத் தொண்டைமண்டலம் பல்லவர் காலத்திலேயே கற்றிருந்தது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் ஊரின் செப்பேடுகள், முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரி அமைந்ததையும், பாலாற்றிலிருந்து அதற்குப் பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டப்பட்டதையும் சொல்கின்றன. உத்திரமேரூரில் இருந்தது வயிரமேக தடாகம். அதே ஊரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறித்த கல்வெட்டுகளில் ஏரி வாரியம் வருகிறது. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் தெரிந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் பின்னர் அந்தப் பொறுப்புக்கு வர முடியாது. தூர் எடுப்பதற்கென்று பொன் வைத்தவர்களும் உண்டு.

இன்று பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையின் பொறுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381 ஏரிகள், 2019-இல் பிரிந்துபோன செங்கல்பட்டு மாவட்டத்தில் 528. ஏரிக்கு வரைபடம் இருக்கிறது, கொள்ளளவுக் கணக்கு இருக்கிறது, மழைக்காலத்தில் எது நிரம்பியது என்று அன்றன்றே சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. உடைப்பு எடுத்தால் யாரை அழைப்பது என்பதும் தெரியும். வரத்துக்கால்வாய் எந்த வீட்டு மனைக்கு அடியில் போனது என்பதைச் சொல்லத்தான் ஆள் குறைவு. 2017 மார்ச்சில், ஊராரே ஏரியைச் சீர்செய்யும் குடிமராமத்துத் திட்டத்தை அரசு தொடங்கியது இதே மாவட்டத்தின் மணிமங்கலம் ஏரியில். முதல் சுற்றுக்கு ஒதுக்கியது 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பெயர் பழையது, பணம் புதியது.

அந்தப் பழைய பெயருக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏரி வாரியத்தில் அமர நிலம் வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். மண் சுமந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலேயர் 1858-இல் சென்னை மாகாணத்தில் குடிமராமத்தைச் சட்டமாக்கியபோது அது கட்டாய உழைப்புச் சட்டமாகவே இருந்தது. ஏரி நிறைந்ததன் பயன் எல்லார் வாசலுக்கும் ஒரே அளவில் வரவில்லை. தெருவுக்குத் தெரு கிணறு வேறாக இருந்த காலம் அது. அன்றைய ஒழுங்கை மட்டும் நினைத்து ஏங்கினால், அந்த ஒழுங்கு யார் முதுகில் நின்றது என்பது மறந்துபோகும்.

கரையின் பச்சையும் மாறியிருக்கிறது. ஆற்றோரத்தில் நாணலும் தாழையும் புங்கனும் நாவலும், ஏரிக்கரையில் பனையும் இருந்தன. அவற்றின் வேர் மண்ணைப் பிடித்தது. பனை ஓலையும் நுங்கும் தந்தது. சென்ற நூற்றாண்டில் சீமைக்கருவேலம் பரவியது. விறகுக்கு உதவியது, ஏழைக்கு அடுப்பு எரிந்தது. ஆனால் வாய்க்காலையும் ஏரி உள்வாயையும் அடைத்து, வேறெதையும் வளரவிடவில்லை. 1980-களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டம் ஏரி உள்வாயில் நாட்டுக் கருவேலம் நட்டது. மரம் விற்ற பணத்தில் ஊராட்சிக்கும் பங்கு கிடைத்தது. இப்போது போக்கு மாறிவிட்டது. 2021-இல் அரசு பனை விதைகளை லட்சக்கணக்கில் நட அறிவித்ததோடு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றும் சொன்னது. 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்தது. ஏறக்குறைய 24 விழுக்காடாக இருக்கும் காட்டையும் மரப் பரப்பையும் 33 விழுக்காடாக்குவது அதன் இலக்கு. அன்னியக் களை மரங்களை அகற்றவும் அதே ஆண்டில் தனிக் கொள்கை வகுக்கப்பட்டது. வெட்டிய இடத்தில் உடனே நாட்டு மரம் வைத்துக் காக்காவிட்டால் சீமைக்கருவேலம் இரண்டே மழையில் திரும்பிவிடும். ஆகவே இந்த வேலையின் கடினமான பகுதி வெட்டுவதில் இல்லை, அதற்குப் பிறகான சில ஆண்டுகளில் இருக்கிறது.

மாவட்டத்தில் பெரிய காடு கிடையாது. புதர்க்காடுகள்தான் அங்கங்கே காப்புக்காடாக நிற்கின்றன. காஞ்சியின் நீருக்குக் காவலான காடு மேற்கே, ஜவ்வாது மலையில் இருக்கிறது. ஒடுகத்தூர் வழியாக வரும் உத்திரகாவேரி நகரத்துக்கு வெகு மேலேயே பாலாற்றில் சேர்கிறது. நாகநதியின் நீர் செய்யாற்றோடு சேர்ந்து, காஞ்சிக்குக் கீழே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்கு வருகிறது. மலைச்சரிவில் காடு அடர்ந்திருந்தபோது மழை நின்று இறங்கியது. காடு மெலிந்தபோது மழையும் மண்ணும் சேர்ந்து ஓடின. வேலூர் மாவட்டத்தில் நாகநதிக் கரையோரப் பெண்கள் சுமார் 20,000 பேர், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ், 2014-ஐ ஒட்டித் தொடங்கி ஆயிரக்கணக்கான செறிவூட்டுக் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் அமைத்தார்கள். ஓடை நீர் அந்தக் கிணறுகளுக்குள் இறங்கி நிலத்தடியை எட்டியது. வறண்ட கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. அன்று ஊற்றுக்காலுக்கு மண் வெட்டியவர்களுக்குப் பெரும்பாலும் கட்டாயம்தான் இருந்தது. இவர்களுக்குக் கூலி உண்டு, அதுவும் அவரவர் பெயரில் வங்கிக் கணக்கில்.

மேல்மடையில் இருப்பவருக்குக் கீழ்மடைக்காரர் ஏதும் தரவேண்டுமா என்ற கேள்வி இங்கே இன்னும் எழவில்லை. நியூயார்க் நகரம் 1997-இல், தனக்குக் குடிநீர் தரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, மலையில் நிலம் வாங்கவும் உழவர்கள் ஓடைக்கரையில் மரம் வளர்க்கவும் அந்த நகரம் பணம் தந்தது. காஞ்சியிலும் சென்னைப் புறநகரிலும் குடிநீர் வரி கட்டுகிறவர்களுக்கு, தங்கள் நீரின் ஒரு பகுதி ஜவ்வாது மலைச்சரிவில் தொடங்குகிறது என்பதே புதிய செய்தியாக இருக்கும்.

பட்டு நெசவு இந்த நீரோடு பிணைந்த தொழில். பாலாற்று நீரில் சாயம் தோய்த்தால் பட்டுக்குத் தனி மினுமினுப்பு வரும் என்று நெசவாளர்கள் நெடுங்காலமாக நம்பினார்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. ஊரின் நீருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. இன்றைய சாயப்பட்டறைக்கு ஆழ்துளைக் கிணற்று நீர், ரசாயனச் சாயம். தோய்த்த தண்ணீரை எங்கே விடுவது என்பது தீராத வழக்கு. ஆற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் விட்ட கழிவு இன்னும் பெரியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், அந்தக் கழிவை எதிர்த்த வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல்.

வெள்ளமும் வறட்சியும் முன்பும் இருந்தன. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சிதைத்தது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் போனது. மணல் நிறைந்த படுகையாக இருந்திருந்தால் அதில் ஒரு பங்கை அடியில் வாங்கிக்கொண்டிருக்கும். இப்போது நிறுத்திவைக்கத் தடுப்பணைகளை நம்புகிறோம்; வயலூரிலும் வல்லிபுரத்திலும் கட்டியவை அந்த வகை. 2019 கோடையில், சென்னைக்கு நீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் போனது. பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வந்த அந்த ரயிலில் இருந்தது காவிரி நீர்.

கணக்குப் பார்த்தால் இன்றைய பக்கம் வெறுமையாக இல்லை. சட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, கூலி கொடுத்து வேலை வாங்கும் நாகரிகம் இருக்கிறது, எந்தச் சரிவில் மரம் வைத்தால் எந்தக் கிணறு ஊறும் என்று அளந்து சொல்லும் அறிவும் இருக்கிறது. மரத்தைத் திரும்ப வளர்க்கலாம், கரையைத் திரும்ப உயர்த்தலாம், வாய்க்காலைத் திரும்ப வெட்டலாம். மணல் அப்படி அல்ல; மலையிலிருந்து அது உருண்டு வந்து சேர எத்தனையோ தலைமுறை ஆகும். ஆகவே இருக்கும் மணலைத் தொடாமல் விடுவதுதான் எல்லாச் சீரமைப்புக்கும் முதல் வேலை, செலவு குறைந்த வேலையும் அதுவே. இன்றைக்கு இல்லாமல் போனது, 360 நாள் முடிந்ததும் ஊர் முன்னே நின்று ஏரிக்குக் கணக்குச் சொல்லவேண்டிய அந்த ஆறு பேர். இம்முறை அந்த ஆறு பேரில் மண் சுமந்தவர்களும் இருக்க வேண்டும்.