நிலமும் முழக்கும்: கள்ளக்குறிச்சி வட்டார இசைச்சுவை பற்றிய ஓர் ஆய்வு

திருவிழாவிலும் திருமணத்திலும் கல்லூரி விழாவிலும் இளைஞரை எழுந்தாடச் செய்யும் பாடலைக் 'குத்துப்பாட்டு' என ஒரே பெயரால் இந்நாளில் வழங்குகின்றனர். பெயர் ஒன்றாயினும் அதனுள் அடங்கிய முழக்குகள் ஒன்றல்ல. வடசென்னையில் ஆட்டத்தை எழுப்பும் தாளம் வேறு. மதுரையில் எழுப்புவது வேறு. கல்வராயன் மலையடிவாரத்தில் எழுப்புவது வேறு. இவ்வேறுபாடு தனியொருவர் விருப்பால் மட்டும் அமைந்ததன்று. அவ்வந்நிலத்துத் தோற்கருவியாலும் வழிபாட்டாலும் வாழ்க்கையாலும் அமைந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. இலக்கண மரபு

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். உரையாசிரியரும் பிற்கால அகப்பொருள் நூலாரும் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையும், முல்லைக்கு ஏறுகோட்பறையும், மருதத்துக்கு நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறையும், பாலைக்குத் துடியும் உரியன என வகுத்துக் காட்டினர். ஏறு கொள்ளுதல், நெல் அரிதல், மீன் கொள்ளுதல் எனத் தொழிலின் பெயரே பறையின் பெயராக நிற்றல் கருதத்தக்கது. தெய்வமும் உணவும் போலவே முழக்கும் நிலத்தொடு பிறந்தது என்பது நம் முன்னோர் கொள்கை. அக்கொள்கை இன்றும் முற்றும் மறையவில்லை.

2. சமவெளியும் மலையும்

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இதன் மேற்கே கல்வராயன் மலை நிற்கின்றது. அம்மலையிற் பிறக்கும் கோமுகி ஆறு கீழ்நிலத்தை வளம்படுத்துகின்றது.

சமவெளியில் அங்காளம்மன், மாரியம்மன் வழிபாடுகளில் முதன்மை பெறுவன பம்பையும் உடுக்கையுமாம். பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரட்டை முழவு. இடுப்பில் கட்டிக் குச்சிகளால் முழக்கப்படுவது. தெய்வத்தை வருணித்து அழைக்கும் பாட்டோடு இது மெல்லத் தொடங்கும். பாட்டு வளர வளர விரைவு ஏறும். அருள் வந்து ஒருவர் ஆடுங்கால் உச்சம் எய்தும். ஆதலின் இப்பகுதி மக்களின் செவி படிப்படியாக ஏறும் முழக்கிற் பழகியது எனலாம்.

இரவு முழுதும் நிகழும் பாரதக் கூத்தும் அச்செவியை வளர்த்ததே. கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என இரண்டு கூறுவர். காஞ்சிபுரம், செய்யாறு முதலிய இடங்களில் வழங்குவது முன்னது. விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் வழங்குவது பின்னது. சேலம், தருமபுரிப் பகுதிக் கூத்தைத் தனியே வைத்து எண்ணுவாரும் உளர். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திங்களில் கூத்தாண்டவர் விழா நிகழ்கின்றது. அவ்விழாவுக்கு அடிப்படையான அரவான் களப்பலிக் கதை, கூத்துக் கதைகளுள்ளும் சிறந்த ஒன்றாகும்.

மலையின் நிலை வேறு. அங்கு வாழும் மலையாளி எனப்படும் பழங்குடியினர் தமிழே பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் மரபினர். இம்மலை 1976 வரை சாகீர்தார் மூவர் ஆட்சியில் இருந்தமையால், சமவெளியோடு அதற்கு இருந்த தொடர்பு குறுகியதே. மலையின் ஒரு பகுதி கள்ளக்குறிச்சியிலும், கருமந்துறை உள்ளிட்ட மறு பகுதி சேலத்திலும் அடங்குவதால், இருபுறத்து இசையும் மலையைச் சூழ்ந்து நிற்கின்றன.

3. பிற வட்டாரங்கள்

தென் மாவட்டங்களில் நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு ஆகியன கூடிய நையாண்டி மேளம் கரகாட்டத்தோடு இணைந்து வளர்ந்தது. ஈண்டும் பம்பை உண்டு. ஆயினும் அது அருளை அழைக்கும் கருவியாக அன்றி, ஆட்டத்துக்குத் துணையாகும் கருவியாகவே நிற்கின்றது. ஒரே கருவி நிலம் மாறப் பணி மாறுதலை இது நன்கு காட்டும். குச்சியால் தோலைத் தேய்த்து உறுமல் எழுப்பும் உறுமி, கடல் கடந்து மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரின் தைப்பூச விழாவில் பெருவழக்காயிற்று. வடசென்னையின் கானாவோ இறப்பு வீட்டுப் பாட்டோடு நெருங்கிய உறவுடையது.

4. சொல்லிசை

பாடாது தாளத்திற் சொற்களை அடுக்கிக் கூறும் ராப் என்னும் சொல்லிசை தமிழுக்கு வந்தபோதும் இவ்வேறுபாடே வெளிப்பட்டது. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டனர். அதன் பெயர்பெற்ற பாடல், 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராசா அமைத்த பாட்டினைத் தழுவியது. கோவையைச் சார்ந்த ஆதி 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரில் 2012-இல் தொகுப்பு வெளியிட்டார். 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் பறையையும் சொல்லிசையோடு இணைத்துச் சாதிக்கொடுமையைச் சாடினர்.

அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலும் இத்தகைய நிலை உண்டு. வெளியார் 'தென்னாட்டு ஹிப்ஹாப்' என ஒன்றாகக் கூறினும், மயாமி நகரத்தார் விரைந்த தாளத்தையும் ஆழ்ந்த அடிநாதத்தையும் விரும்பினர். ஹூஸ்டன் நகரில் டிஜே ஸ்க்ரூ என்பார் 1990-களில் இசைத்தட்டின் ஓட்டத்தையே தளர்த்திப் புதுச்சுவை படைத்தார். நியூ ஆர்லியன்சில், தலைவன் கூவக் கூட்டம் மறுமொழி கூறும் 'பௌன்ஸ்' தோன்றியது. ஒரு திசைப்பெயர் பல நகரங்களின் சுவையை மறைத்தல் அங்கும் உண்டு.

5. முடிவு

குத்து என்னும் பொதுப்பெயர் திரைப்படத்துக்கு எளிது, ஆராய்ச்சிக்கு இடர். அப்பெயரால் அறியப்படுவன பெரும்பாலும் சென்னைக் கானாவும் மதுரை மேளமுமே. பம்பையின் படிப்படியான ஏற்றம் நான்கு நிமிடப் பாட்டுக்குள் அடங்காது. ஆதலின் அது பதிவின்றி நிற்கின்றது. மலையின் முழக்கோ அவ்வளவும் இடம் பெறவில்லை. மேலும், பறை முழக்குதல் சாதிவழிக் கட்டாயப் பணியாகச் சுமத்தப்பட்ட வரலாறும் உண்டு. கலையைப் போற்றுவோர் அக்கலைஞர்க்கு உரிய மதிப்பையும் ஊதியத்தையும் மறத்தல் முறையன்று.

ஆகவே, பாட்டின் சொல்லை மட்டும் தொகுக்கும் வழக்கம் போதாது. முழக்கின் பெயர், அது நிகழும் இடம், தொடங்கும் விரைவு, முடியும் விரைவு, முழக்குவோர் கூறும் சொற்கட்டு ஆகியவற்றை வெள்ளிமலை முதல் உளுந்தூர்ப்பேட்டை வரை ஊர்தோறும் பதிவு செய்தல் வேண்டும். தொல்காப்பியர் நிலத்தொடு பறையை எண்ணினார். அவ்வெண்ணிக்கையைத் தொடர்தல் இந்நாளைத் தமிழாய்வாளர் கடனாகும்.