கேட்டல் என்னும் வினை

தமிழில் 'கேள்' என்னும் வினையடி செவியின் செயலையும் வாயின் செயலையும் ஒருங்கே குறிக்கும். பாட்டைக் கேட்கிறோம், வழியைக் கேட்கிறோம், கடன் கேட்கிறோம், பெரியோர் சொல்லைக் கேட்டு நடக்கிறோம். திருக்குறளின் 42ஆம் அதிகாரமாகிய 'கேள்வி', வினாவைப் பற்றியதன்று. கற்றறிந்தோர் கூறுவதைச் செவிவழி ஏற்றலைப் பற்றியது. இவ்வளவு பொருளையும் ஒரு சொல்லில் அடக்கிப் பழகிய நாம் ஆங்கிலத்தில் எழுத அமரும்போது இடர்ப்படுகிறோம். அம்மொழி இப்பொருள்களைத் தனித்தனிச் சொற்களுக்கும் தொடரமைப்புகளுக்கும் பங்கிட்டு வைத்துள்ளது. செவிக்குரியவற்றை 'ஹியர்', 'லிசன்' ஆகிய சொற்கள் ஏற்றுக்கொள்கின்றன. வினவுதலுக்கும் வேண்டுதலுக்கும் உரிய பொதுச்சொல் 'ஆஸ்க்'.

இச்சொல்லைச் சிலர் 'ஆக்ஸ்' என ஒலிப்பதுண்டு. அதனை எள்ளி நகையாட வேண்டுவதில்லை. பழைய ஆங்கிலத்தில் இருவகை ஒலிப்பும் வழங்கின. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் எழுத்தில் 'ஆக்ஸ்' என்னும் வடிவமும் இடம்பெற்றுள்ளது. தசை என்பது சதை எனவும், விசிறி என்பது சிவிறி எனவும் எழுத்து இடம்மாறி வழங்குவதை நாம் இலக்கணப்போலி என்று ஏற்றுக்கொள்கிறோம் அல்லவா? எனினும் இன்றைய பொது வழக்கில் நிலைபெற்றது 'ஆஸ்க்' என்பதே.

'ஆசிரியரிடம் கேட்டேன்' என்னும் தொடரில் 'இடம்' என்பது வினவப்பட்டவரைச் சுட்டுகிறது. அதனை விடாமல் பெயர்க்க முயலும் மாணவர், 'ஐ ஆஸ்க்டு டு தி டீச்சர்' என்று எழுதிவிடுகின்றனர். இதில் 'டு' மிகை. 'ஆஸ்க்' என்னும் வினை, வினவப்படுபவரை நேரே செயப்படுபொருளாகக் கொள்ளும். தமிழில் உருபு செய்யும் பணியை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே செய்துவிடுகிறது. ஆகவே 'ஐ ஆஸ்க்டு தி டீச்சர்' என்பதே போதும். வினாவையும் உடன் சுட்டவேண்டின், 'ஐ ஆஸ்க்டு தி டீச்சர் எ கொஸ்ச்சன்' என அடுத்து வைக்கலாம். 'சே' என்னும் வினை மட்டும் 'ஐ செட் டு ஹிம்' என 'டு'வை வேண்டி நிற்பதால், அவ்வழக்கம் இதன்மேலும் ஏறிவிடுகிறது.

வேண்டாத இடத்தில் ஒரு சிறு சொல் புகுந்தால் பிழை. வேண்டிய இடத்தில் புகுந்தால் பொருளே வேறு. 'ஷீ ஆஸ்க்டு மை ஃபாதர்' என்றால் அவள் என் தந்தையிடம் ஏதோ வினவினாள். 'ஷீ ஆஸ்க்டு ஃபார் மை ஃபாதர்' என்றால் அவரைக் காணவோ அவரோடு பேசவோ விரும்பினாள். 'ஷீ ஆஸ்க்டு ஆஃப்டர் மை ஃபாதர்' என்றால் அவர் நலத்தை உசாவினாள். 'அப்பாவைக் கேட்டாள்' என்னும் தமிழ்த்தொடர் இம்மூன்றுக்கும் இடம் தரும். எதுவென்று சூழல் உணர்த்திவிடும். ஊருக்குச் செல்பவரிடம், 'பாட்டியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்று நாம் சொல்லியனுப்புவது நலம் உசாவுதலே. அதனை ஆங்கிலத்தில் சொல்ல 'ஆஃப்டர்' இன்றியமையாதது.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பகுப்பின் அடிப்படை, வினவுவோரின் உள்ளக் கருத்து. இப்பகுப்பு ஆங்கில வினைக்கும் நல்ல வழிகாட்டி. 'சிவப்பு மை உள்ளதா?' என்று கடைக்காரரிடம் வினவுவது கொளல் வினா. அந்நிகழ்வை ஆங்கிலத்தில் கூற 'ஆஸ்க் ஃபார்' வேண்டும். 'கதவைச் சாத்தினாயா?' என்று தாய் வினவி மகனை எழுப்புவது ஏவல் வினா. அதனைக் கூற 'ஷீ ஆஸ்க்டு ஹிம் டு ஷட் தி டோர்' என 'டு'வுடன் வினை வரவேண்டும். கொடை வினாவுக்கு மட்டும் 'ஆஸ்க்' அவ்வளவாகப் பொருந்தாது. 'உன்னிடம் குடை இருக்கிறதா?' என்று வினவித் தம் குடையை நீட்டுபவரின் செயலை 'ஆஃபர்' என்னும் சொல்லே நன்கு உணர்த்தும்.

மாணவர் பெரிதும் தடுமாறுவது பிறர் வினாவை எடுத்துரைக்கும்போதுதான். தமிழில் 'என்று' என்னும் சொல் பேச்சை உருக்குலையாமல் ஏந்திவரும். 'நீ எங்கே வசிக்கிறாய் என்று என்னிடம் கேட்டார்' என்பதில் அவர் வாய்ச்சொல் அப்படியே நிற்கிறது. 'நீ' கூட மாறவில்லை. ஆங்கில அயற்கூற்றில் மூன்று மாற்றங்கள் நிகழவேண்டும். 'வேர் டூ யூ லிவ்?' என்னும் வினா, 'ஹீ ஆஸ்க்டு மீ வேர் ஐ லிவ்டு' என்றாகும். 'யூ' என்பது 'ஐ' ஆயிற்று, நிகழ்காலம் இறந்தகாலமாயிற்று, 'டூ' என்னும் துணைவினை மறைந்து, எழுவாயும் வினையும் செய்தித் தொடரின் வரிசைக்குத் திரும்பின. இம்மூன்றாவது மாற்றத்தையே பலர் மறந்து, 'ஹீ ஆஸ்க்டு மீ வேர் டிட் ஐ லிவ்' என்று எழுதுகின்றனர். 'என்று' இருக்கிறதே என எண்ணி, 'தட்' என்பதை வினாச்சொல்லின் முன் செருகுவாரும் உளர். அஃது அங்கு நில்லாது. 'வந்தானா என்று கேட்டார்' என்பதில் ஆகாரம் வினாப்பொருளைத் தருகிறது. அவ்வாறு ஆம், இல்லை என விடை பெறும் வினாக்களை எடுத்துரைக்க 'இஃப்' அல்லது 'வெதர்' வரவேண்டும்.

'கொஸ்ச்சன்' என்பதைப் பெயராக அறிந்தவர், அதனை வினையாகவும் எளிதில் கையாண்டுவிடுகின்றனர். இங்கே விழிப்பு வேண்டும். பிழை இலக்கணத்தோடு நில்லாது, மதிப்பையும் தொட்டுவிடும். காவலர் ஒருவரை 'கொஸ்ச்சன்' செய்தனர் என்றால் விசாரணை நடந்தது என்று பொருள். ஒரு முடிவை 'கொஸ்ச்சன்' செய்தார் என்றால், அது சரிதானா என ஐயுற்று எதிர்த்தார் என்று பொருள். 'வகுப்பில் ஐயங்களைத் தயங்காமல் கேட்பேன்' என்னும் நற்பண்பைக் கூற எண்ணி, கல்லூரி நேர்காணலில் ஒரு மாணவி 'ஐ ஆல்வேஸ் கொஸ்ச்சன் மை டீச்சர்ஸ்' என்று சொன்னால், கேட்போர் அவளை ஆசிரியர் சொல்லை மறுப்பவள் எனக் கருதக்கூடும். அடக்கமாகச் சொன்னது செருக்காகச் சென்று சேரும். 'என்னைக் கேள்வி கேட்க நீ யார்?' என்று தமிழில் வெகுள்பவரின் குரலை நினைத்துக்கொண்டால் இச்சொல்லின் கடுமை விளங்கும்.

'டவுட்' என்பதும் இத்தகையதே. 'ஐ ஹாவ் எ டவுட்' என்று நம் வகுப்பறையில் எழுந்து நின்றால் எவரும் தவறாகக் கொள்ளார். இந்திய ஆங்கிலத்தில் அது வேரூன்றிய வழக்கு. அதனைப் பிழை என்று ஒதுக்குவது மிகை என்றே தோன்றுகிறது. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பயிலச் செல்பவர், அங்குள்ளோர் செவியில் அது 'நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை' என்று ஒலிக்கக்கூடும் என அறிந்திருத்தல் நலம். அங்கே 'ஐ ஹாவ் எ கொஸ்ச்சன்' என்பது பணிவான தொடர். வினையாக நின்றபோது கடுத்த அதே சொல், பெயராக நிற்கும்போது இனிதாகிவிடுகிறது.

பொருள் வேண்டிக் கேட்பதிலும் தரம் அறிந்து பேசவேண்டும். இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பர் எனத் தொல்காப்பியம் வரையறுத்தது. ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு கொடுத்தலைக் குறிக்கும் வினையில் இல்லை. கேட்டலைக் குறிக்கும் வினைகளில் உள்ளது. 'பெக்' என்பது இரத்தல். 'ரிக்வெஸ்ட்' என்பது முறைப்படி வேண்டுதல். 'டிமாண்ட்' என்பது மறுக்க இடந்தராமல் வலியுறுத்துதல். பிரெஞ்சு மொழியில் இந்த 'டிமாண்ட்'டுக்கு இனமான வினை வெறுமனே கேட்டலையே குறிக்கும். ஆங்கிலத்திலோ விடுமுறை விண்ணப்பத்தில் அதனை எழுதிய மாணவர், தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படுவது உறுதி.