வானிலைச் செயலி கேட்டால் ஆப்பிளின் முகம்

2024 ஜூன் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தன் ஆண்டு மாநாட்டில், செயலித் திரைகளை வடிவமைக்கும் மென்பொருளைத் தரும் ஃபிக்மா நிறுவனம் புதிய வசதி ஒன்றை அறிவித்தது. எந்த மாதிரிச் செயலி வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். திரைகளின் முதல் வரைவை செயற்கை நுண்ணறிவே போட்டுத் தரும். சில நாட்களில் ஆண்டி ஆலன் என்ற வடிவமைப்பாளர் அதனிடம் வானிலைச் செயலி கேட்டார். வந்தது, ஐபோனில் இருக்கும் ஆப்பிளின் வானிலைச் செயலியை அப்படியே ஒத்திருந்தது. அவர் அதை வெளியிட்டதும், ஃபிக்மாவின் தலைவர் டிலன் ஃபீல்ட் அந்த வசதியை நிறுத்திவைத்தார்.

நடந்தது என்ன? வெளிச்சந்தையில் கிடைக்கும் மொழி மாதிரிகளைத்தான் ஃபிக்மா பயன்படுத்தியது. பொத்தான், அட்டை, பட்டியல் என்று முன்பே வரைந்துவைத்த உறுப்புகளை எடுத்து அடுக்குவதே அந்த மொழி மாதிரியின் வேலை. மாநாட்டுக்குச் சற்று முன்பு சேர்த்த சில உறுப்புகளும் மாதிரித் திரைகளும் ஏற்கெனவே உள்ள செயலிகளைப் போல இருந்தன. அவற்றைப் போதிய கவனத்தோடு சரிபார்க்கவில்லை என்று நிறுவனமே பிறகு விளக்கியது. சில மாதங்களில் வசதி வேறு பெயரில் திரும்பி வந்தது.

இப்படிப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எதையும் வெறும் வெளியிலிருந்து படைப்பதில்லை. முன்பு அதிகம் கண்டதையே திருப்பித் தருகின்றன. டெயில்விண்ட் என்ற வடிவமைப்புக் கருவியை உருவாக்கிய ஆடம் வாதன், தன் மாதிரிகளில் பொத்தான்களுக்கெல்லாம் கருநீல ஊதாவைத் தேர்ந்ததற்காக 2025இல் விளையாட்டாக மன்னிப்பே கேட்டார். அவற்றைக் கண்டு பழகிய இயந்திரம் ஆக்கித் தரும் இணையப் பக்கங்கள் பலவற்றில் இன்று அந்த நிறம்தான்.

ஆதாயம் இல்லாமல் இல்லை. 2023 நவம்பரில் டிஎல்டிரா என்ற வரைபலகை, கையால் கிறுக்கிய கட்டங்களை இயங்கும் பக்கமாக மாற்றிக் காட்டியது. 2025 மே மாதத்தில், சொன்னதைத் திரையாக்கும் கூகுளின் ஸ்டிட்ச், ஃபிக்மா மேக் இரண்டும் வந்தன. முன்பெல்லாம் வடிவமைப்பாளர் படம் வரைவார், பொறியாளர் நிரல் எழுதுவார், அதன்பிறகே உண்மையில் தொட்டுப் பார்க்க முடியும். இப்போது யோசனை பிறந்த அன்றே இயங்கும் முன்மாதிரியைப் பயனர் கையில் கொடுக்கலாம். சரிவராவிட்டால் வருத்தமின்றித் தூக்கிப் போடலாம். இத்துறைக்கு இது பெரிய வரம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் அழகான முதல் திரை மட்டும் செயலி ஆகிவிடாது. பணம் கட்டும் நடுவில் இணையம் அறுந்தால் என்ன காட்டுவது? பட்டியலில் ஒன்றுமே இல்லாதபோது? வெளிர்சாம்பல் எழுத்தைப் பார்வை மங்கியவர் படிப்பாரா? அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையின் ஏஏ நிலை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு கேட்கிறது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அளந்த பொத்தானில் நீண்ட தமிழ்ச் சொற்கள் பிதுங்கி நிற்பதை நாமே தினமும் பார்க்கிறோம். இவற்றை யாராவது குறிப்பிட்டுக் கேட்டால்தான் கருவி கவனிக்கும். அப்படிக் கேட்கத் தெரிவதற்கு, செயலியோடு திணறும் மனிதரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்க வேண்டும்.

வரையும் நேரம் மிச்சமானதைக் காட்டி வடிவமைப்புக் குழுவைக் குறைக்க நினைக்கும் நிறுவனங்கள், மிச்சமான அந்த நேரத்தைப் பயனர்களிடம் செலவிட வேண்டும்.