விருந்தினர் இல்லம்

வீட்டில் ஒருவர் நோயுற்றால், ‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்’ என்கிறோம். ஐரோப்பியரின் ‘ஹாஸ்பிட்டல்’ என்னும் சொல்லே நம் நாவில் இவ்வாறு உருமாறிற்று. அச்சொல்லின் பொருளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அதன் வேர், ‘ஹோஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் சொல். விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் அவ்வொரு சொல்லே குறித்தது. வழிப்போக்கரும் திருப்பயணிகளும் தங்குவதற்கான இல்லமே முதலில் ‘ஹாஸ்பிட்டல்’ எனப்பட்டது. பின்னர் அது ஏழைகளும் முதியோரும் அடைக்கலம் புகும் இடமாயிற்று. நோயாளருக்கே உரிய பெயரானது அதற்கும் பின்னரே. 1552இல் இங்கிலாந்தில் ஏழைச் சிறுவர்க்கென நிறுவப்பட்ட பள்ளியொன்று, ‘கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்’ என்றே இன்றும் வழங்குகிறது. ஹோட்டல், ஹாஸ்டல் ஆகியனவும் இவ்வேரில் கிளைத்தவையே. குணப்படுத்த இயலாத நோயாளரை இறுதிவரை பேணும் ‘ஹாஸ்பிஸ்’ இல்லத்தின் பெயரும் அவ்வாறே.

இப்பொருளை நம் மண்ணிலேயே மெய்ப்பித்தவர் ஒருவர் உண்டு. காயல்பட்டினத்திற்கு வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஏழை நோயாளருக்காக மருத்துவமனை ஒன்றை எழுப்பினார் இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். முத்துக்குளித்துறை மக்களின் உதவியால் அது நடைபெற்றது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ தந்தவரும் அவரே. தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்த அதே கை, நோயாளரையும் தாங்கிற்று.

நாம் வழங்கும் ‘மருத்துவமனை’ என்னும் அழகிய சொல், மருத்துவத்தை முன்னிறுத்துகிறது. ‘ஹாஸ்பிட்டல்’ என்பதோ, வருபவரை முன்னிறுத்துகிறது. மருந்தும் கருவியும் பெருகிய இக்காலத்தில் நாம் மறக்கலாகாதது இதுவே: கட்டிலில் கிடப்பவர் வெறும் எண்ணல்லர், விருந்தினர். முகம் நோக்கி இன்சொல் கூறி வரவேற்பதன்றோ விருந்தோம்பல்?

அப்பணி மருத்துவர்க்கும் தாதியர்க்கும் மட்டும் உரியதன்று. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் அந்நியரையும் நோயாளரையும் ஒருசேர வைத்துப் பேசுகிறார். இருவரிடமும் தம்மையே காணச் சொல்கிறார். அடுத்த முறை நம் உறவினரைப் பார்க்க மருத்துவமனைக்குச் செல்கையில், அடுத்த கட்டிலையும் நோக்குவோம். பார்க்க எவருமின்றி அங்கே ஒருவர் படுத்திருக்கக்கூடும். அவரிடம் நலம் விசாரிப்போம். வேண்டியது கேட்டு உதவுவோம். அப்பொழுதே அவ்வில்லம் தன் பெயருக்கு ஏற்றதாகும்.