கூடத்து போனும் சமையல்கட்டு போனும்!

குட்டீஸ்... அம்மிச்சி வீட்டில் 0422 என்று தொடங்கும் போன் இருக்கிறதா? கூடத்தில் மணி அடித்தால், சமையல்கட்டு போனும் சேர்ந்து அடிக்கும். அதற்குப் பெயர், 'எக்ஸ்டென்ஷன்!'

முன்பெல்லாம் பி.எஸ்.என்.எல்., எக்ஸ்சேஞ்சில் இருந்து, செம்புக் கம்பி வழியே 48 வோல்ட் மின்சாரமும் வந்தது. அதனால் தான், கரன்ட் போனாலும் போன் பேசியது. இப்போது பல வீடுகளுக்கு வருவது கண்ணாடி இழை. அதில் வருவது வெறும் ஒளி! சுவரில் மாட்டிய சிறு பெட்டி, அதைக் குரலாக்கி, போனுக்கு வேண்டிய மின்சாரத்தையும் தருகிறது.

அந்தப் பெட்டியின் 'போன்' துளையிலிருந்து ஒரு கம்பியை, பழைய சுவர் சாக்கெட்டில் செருகினால், எல்லா அறையிலும் மணி அடிக்கும். ஆனால், தெருவிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை முதலில் கழற்றியே ஆக வேண்டும். இரு பக்க மின்சாரமும் சேர்ந்தால், பெட்டி பழுதாகலாம். மணி அடிக்கும் நேரத்தில் கம்பியைத் தொட்டால், 'சுர்'ரென்று இழுக்கும். எனவே, இது லைன்மேன் மாமா வேலை. நீங்கள் தள்ளி நின்று, கேள்வி கேட்டுத் துளைத்து எடுங்கள்!

விரலால் சுழற்றும் பழைய போனா? வரும் அழைப்பைப் பேசலாம். அதன், 'கடகட' எண் பல பெட்டிகளுக்குப் புரியாது.

கரன்ட் போனால் பெட்டியும் தூங்கிவிடும். ராத்திரியில் 108ஐ அழைக்க வேண்டி வந்தால்? பெட்டியை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டச் சொல்லுங்கள்.